மூடிக்கும் நுரைக்கும் நடுவே

நன்றாக மூடப்பட்ட பீர் கேனைப் பிரித்துச் சிதைப்பது என் அன்றாட வேலைகளில் ஒன்று. கேன் நிரப்பும் எந்திரம் ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் ஒரு கேனைக் கையில் எடுப்பேன். மூடியும் உடலும் சேர்ந்து மடிந்திருக்கும் விளிம்பு வளையத்தை முதலில் மைக்ரோமீட்டரால் மூன்று இடங்களில் அளப்பேன். பீரைக் கொட்டிவிட்டு, மூடியின் நடுப்பகுதியை வெட்டி எடுத்து, மீதமுள்ள வளையத்தைக் குறட்டால் மெதுவாக உரிப்பேன். உள்ளே இரண்டு கொக்கிகள் ஒளிந்திருக்கும். உடலின் விளிம்பு கீழ்நோக்கி மடிந்தது ஒன்று. மூடியின் ஓரம் மேல்நோக்கி மடிந்து அதற்குள் புகுந்தது மற்றொன்று. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று எவ்வளவு தூரம் படிந்திருக்கின்றன என்பதைத்தான் பார்க்கிறேன். ஒரு மில்லிமீட்டருக்கு முன்பின் இருக்கும். அந்தச் சிறு தூரத்தை நம்பித்தான் பல மாதங்களுக்குப் பீர் கிடங்கில் உட்கார்ந்திருக்கப் போகிறது.

இந்த மடிப்பைத் தொழிலில் சீம் என்கிறோம். மூடியின் தகடு மூன்று அடுக்கு, உடலின் தகடு இரண்டு அடுக்கு, ஆக ஐந்து அடுக்கு அலுமினியம் அந்தக் குறுகிய வளையத்தில் நெருங்கிக் கிடக்கிறது. இடையில் மிஞ்சும் மயிரிழை இடைவெளியை மூடியின் ஓரத்தில் பூசியிருக்கும் ரப்பர் போன்ற பூச்சு அடைத்துக்கொள்கிறது. முதல் உருளை வளைக்கும், இரண்டாவது உருளை அழுத்தி இறுக்கும், கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். உரித்தெடுத்த மூடிக் கொக்கியை விளக்கின் கீழே பிடித்துத் திருப்பினால் அதன் உட்புறத்தில் சுருக்கங்கள் இருக்கின்றனவா என்று தெரியும். புதுத் துணியைப்போல வழவழப்பாக இருந்தால் மடிப்பு இறுக்கமாக விழுந்திருக்கிறது. அலை அலையாகச் சுருங்கியிருந்தால் இரண்டாவது உருளை தளர்ந்துவிட்டது. உடனே எந்திரத்தை நிறுத்தச் சொல்வேன்.

சிறிய பீர் ஆலை ஒன்றில் இந்தப் பொறுப்புக்கு நான் வந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. வந்தபோது நாங்கள் பாட்டிலில்தான் அடைத்துக்கொண்டிருந்தோம். கேனுக்கு மாறிய பிறகு என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: இவ்வளவு பாடுபட்டுக் காய்ச்சிய நல்ல பீரை ஏன் டப்பாவில் அடைக்கிறீர்கள்? கேட்பவர்களின் குரலில் உண்மையான வருத்தம் இருக்கும். அந்த வருத்தத்துக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் உலோக வாடை. கேனின் பக்கச்சுவர் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் தடிமன்தான். அதன் உட்புறம் முழுவதும், மூடியின் அடிப்புறமும், மிக மெல்லிய பாலிமர் பூச்சு இருக்கிறது. அந்தப் பூச்சில் குறை இல்லாதவரை பீர் அலுமினியத்தைத் தொடுவதே இல்லை. கேனிலிருந்து நேராகக் குடிக்கும்போது உதடும் மூக்கும் மூடியின் வெளிப்புறத்தை உரசுகின்றன. உலோகம் என்று நாம் உணர்வது பெரும்பாலும் அங்கிருந்து வருகிறது. சந்தேகப்பட்டவர்களுக்கு நான் பல முறை ஒரு சோதனை வைத்திருக்கிறேன். ஒரே தொட்டியில் இருந்து ஒரே நாளில் கேனிலும் பழுப்பு பாட்டிலிலும் அடைத்த பீரை, ஒரே மாதிரிக் கண்ணாடிக் குவளைகளில் ஊற்றி, எது எதிலிருந்து வந்தது என்று கேட்பேன். கேன் என்று உறுதியாகச் சுட்டிக்காட்டியவர்களில் பாதிப் பேர் பாட்டிலைத்தான் காட்டினார்கள்.

அந்த உட்பூச்சைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட்டே மேலே போக வேண்டும். நீண்ட காலம் அது பிஸ்பீனால்-ஏ என்ற வேதிப்பொருளை அடிப்படையாகக் கொண்ட எபாக்சி என்ற பிசினாகவே இருந்தது. உடலின் ஹார்மோன்களில் அது தலையிடுகிறது என்ற கவலை நியாயமானது. பிரான்ஸ் 2015இல் உணவுக் கலங்களில் அதைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் தடை விதிமுறையை ஏற்றுக்கொண்டது. வேறு பூச்சுகளுக்குத் தொழில் மாறிக்கொண்டிருக்கிறது. வாங்கும் கேனில் என்ன பூச்சு இருக்கிறது என்று ஆலை கேட்டுத் தெரிந்துகொள்வதும், குடிப்பவர் கேட்டால் மறைக்காமல் சொல்வதும் கடமை என்றே நினைக்கிறேன்.

கேனின் மேல் இருக்கும் இளக்காரத்துக்கு வாடை மட்டும் காரணமில்லை. வரலாறும் ஒரு காரணம்.

அமெரிக்காவில் மதுவிலக்கு 1933 டிசம்பரில் முடிந்தது. நியூஜெர்சி மாநிலத்தின் நெவார்க் நகரில் இருந்த க்ரூகர் என்ற ஆலை, அமெரிக்கன் கேன் நிறுவனத்தோடு சேர்ந்து 1935 ஜனவரி 24 அன்று கேனில் அடைத்த பீரை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. விற்றது சொந்த ஊரில் இல்லை, தொலைவில் உள்ள வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில். காய்கறியும் மீனும் டப்பாவில் வந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தும் பீர் மட்டும் பின்தங்கி நின்றதற்குக் காரணம் உண்டு. பீருக்குள் அழுத்தம் இருக்கிறது. வெறும் தகட்டைத் தொட்டால் பீர் கலங்கும், சுவை மாறும். அழுத்தத்தைத் தாங்கும் உடலும் பீரைத் தகட்டிலிருந்து பிரித்து வைக்கும் உட்பூச்சும் சேர்ந்து கிடைத்த பிறகுதான் வழி பிறந்தது. அதே ஆண்டின் இறுதியில் வேல்ஸ் நாட்டின் ஃபெலின்ஃபோல் ஆலையும் கேனுக்கு வந்தது. பக்கத்து ஊரான லனெல்லி தகரத் தகடு செய்யும் தொழிலுக்குப் பெயர் பெற்றது. ஊர்த் தொழிலுக்கு அந்தக் கேன் ஓர் ஆதரவாகவும் இருந்தது.

அந்தக் காலத்துக் கேன் எஃகுத் தகடு. திறக்கத் தனிக் கருவி வேண்டும். 1959இல் கொலராடோவின் கூர்ஸ் ஆலை அலுமினியக் கேனைக் கொண்டுவந்தது. காலிக் கேனைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு சென்ட் தருவதாகவும் சொன்னது. ஒஹையோவைச் சேர்ந்த எர்மல் ஃப்ரேஸ் கையால் இழுத்துத் திறக்கும் மூடியை உருவாக்கினார். 1962இல் பிட்ஸ்பர்க்கில் அது பீர் கேனில் வந்தது. இழுத்தெடுத்த துண்டுகளும் வளையங்களும் கடற்கரைகளிலும் பூங்காக்களிலும் குப்பையாகிக் கால்களைக் கிழித்தன. திறந்த பிறகும் மூடியோடே ஒட்டியிருக்கும் இன்றைய மூடி 1975இல்தான் கடைக்கு வந்தது.

இதற்கிடையில் சந்தை சில பெரிய ஆலைகளின் கைக்குப் போய்விட்டது. கேன் என்றால் கோடிக்கணக்கில் அடிக்கப்படும் ஒரே மாதிரியான மெல்லிய பீர் என்று மக்கள் மனத்தில் பதிந்தது. 1980களில் எழுந்த சிறிய ஆலைகள், நாங்கள் அவர்கள் இல்லை என்று காட்டிக்கொள்ளப் பழுப்பு பாட்டிலைப் பிடித்துக்கொண்டன. கேன் அவர்களுக்கு எட்டாததாகவும் இருந்தது. எந்திரங்கள் மிகப் பெரியவை. வெற்றுக் கேன்களை லாரி லாரியாகத்தான் வாங்க முடியும். பாஸ்டன் பீர் நிறுவனத்தின் ஜிம் குக் 2005இல் வெளியிட்ட குடிப்பவர் உரிமைப் பட்டியலில், உலோகச் சுவை படாதபடி பீர் பாட்டிலில்தான் வர வேண்டும் என்றே ஒரு வரி இருந்தது. அதே நிறுவனம் 2013இல் சாமுவேல் ஆடம்ஸ் பீரைத் தானே வடிவமைத்த கேனில் வெளியிட்டது. இந்த மாற்றத்தை நான் பெருமையாகவே பார்க்கிறேன். தவறு என்று தெரிந்ததை ஊரறியத் திருத்திக்கொள்ள மனம் வேண்டும்.

திருப்பத்தைத் தொடங்கிவைத்தது 2002 நவம்பர். கொலராடோவின் லயன்ஸ் என்ற சிற்றூரில் ஆஸ்கர் ப்ளூஸ் என்ற உணவகத்தோடு சேர்ந்த சிறு ஆலை நடத்தி வந்தார் டேல் கட்டேகிஸ். கனடாவின் கால்கரி நகரைச் சேர்ந்த காஸ்க் என்ற நிறுவனம், மேசைமேல் வைத்துக் கையால் ஓட்டக்கூடிய சிறு கேன் எந்திரத்தை விற்க முயன்றுகொண்டிருந்தது. அந்த யோசனையை முதலில் கேட்டபோது கட்டேகிஸ் சிரிப்பாகத்தான் எடுத்துக்கொண்டார். பிறகு வாங்கினார். தன் பெயர் தாங்கிய கசப்பு மிகுந்த, பேல் ஏல் என்ற வகைப் பீரை அதில் ஒவ்வொன்றாக அடைத்தார். பெரிய ஆலையின் மெல்லிய பீருக்கு மட்டுமே உரியது என்று நினைத்திருந்த டப்பாவுக்குள்ளிருந்து அப்படி ஒரு மணம் எழுந்தது பலருக்கு அதிர்ச்சியாக இருந்திருக்க வேண்டும்.

எங்கள் ஆலையில் அந்த யோசனையை முதலில் எதிர்த்தவர் பீர் காய்ச்சும் அண்ணன்தான். இருபது ஆண்டுகளுக்கு மேல் கைப்பழக்கம் உள்ளவர். கொதிகலனில் இருந்து எழும் ஆவியை முகர்ந்தே, கசப்புக்கும் மணத்துக்கும் சேர்க்கும் ஹாப்ஸ் பூவை எப்போது போட்டார்கள் என்று சொல்லிவிடுவார். கேன் எந்திரம் வாங்கப் போகிறோம் என்றதும் என்னைத் தனியாக அழைத்தார்.

"பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் என் பீரை நான் பார்க்க முடிகிறது, தம்பி. இந்த டப்பாவில் எதைப் பார்ப்பது?"

"நாம் பார்க்கிற அந்த வெளிச்சம்தானே அண்ணா அதைக் கெடுக்கிறது" என்றேன். அவர் பேசாமல் போய்விட்டார். நான் படித்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். அவர் கண்ணால் காண வேண்டியிருந்தது.

மறுநாள் ஒரே தொட்டியிலிருந்து பீரை நிறமற்ற பாட்டில், பச்சை பாட்டில், பழுப்பு பாட்டில் மூன்றிலும் அடைத்து வெயிலில் வைத்தோம். நான்காவதாக ஒரு கேன். அரை மணி நேரம் கழித்து நான்கையும் குளிர வைத்து ஊற்றினோம். நிறமற்ற பாட்டிலில் இருந்த குவளையை மூக்கருகே கொண்டுபோனதும் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தீய்ந்த ரப்பரும் அழுகிய பூண்டும் சேர்ந்த வாடை. பச்சையில் இருந்ததும் அதே வழியில் போய்விட்டிருந்தது. பழுப்பு தாக்குப்பிடித்திருந்தது, ஆனாலும் கேனில் இருந்ததற்கும் அதற்கும் நடுவே அவர் மூக்குக்கு ஏதோ தட்டுப்பட்டது. இரண்டையும் மாறி மாறி முகர்ந்துகொண்டே வெகு நேரம் நின்றார்.

என்ன நடக்கிறது என்றால், ஹாப்ஸ் பூவின் கசப்பு பீரில் ஐசோ-ஆல்ஃபா அமிலங்களாகக் கரைந்திருக்கிறது. பீரிலேயே இயற்கையாக உள்ள ரிபோஃப்ளேவின், அதாவது வைட்டமின் பி2, நீல ஒளியையும் புற ஊதா ஒளியையும் வாங்கி அந்த ஆற்றலைக் கசப்பு மூலக்கூறின் மேல் இறக்குகிறது. மூலக்கூறு உடைகிறது. உடைந்த துண்டு பீரில் உள்ள கந்தகத்தோடு சேர்ந்து, ஸ்கங்க் என்ற வட அமெரிக்க விலங்கு பகைவர்மேல் பீய்ச்சும் திரவத்தின் நாற்றத்துக்கு நெருங்கிய உறவான ஒரு பொருளாகிறது. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். பழுப்புக் கண்ணாடி அந்த ஒளியின் பெரும்பகுதியைத் தடுக்கிறது. பச்சை கொஞ்சம்தான் தடுக்கிறது. நிறமற்றது ஏறக்குறைய வழிவிட்டுவிடுகிறது. கடையின் குளிர்பெட்டிக்குள் இரவும் பகலும் எரியும் விளக்கும் இதே வேலையைத்தான் மெதுவாகச் செய்கிறது. கேனுக்குள் இருட்டு. இந்த ஒரு விஷயத்தில் எந்தக் கண்ணாடியும் அதற்கு ஈடாகாது.

இங்கேயே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. கேனை விற்பவர்களும் இங்கேயே நிறுத்துவார்கள். அப்படி நிறுத்துவதால் எத்தனை நல்ல பீர் வீணாகிறது என்பதை நான் என் கையாலேயே செய்து பார்த்திருக்கிறேன்.

கேனுக்கு மாறிய முதல் கோடையில் எங்களுடைய மிக மணமான பீரை அடைத்தோம். கலங்கலான, மாம்பழமும் ஆரஞ்சுத் தோலும் போல மணக்கும் வகை. தொட்டியில் பீரில் கரைந்திருந்த ஆக்சிஜனை அளந்தேன். நூறு கோடியில் 20 பங்கு. நல்ல அளவு. சீம் அளவுகளும் குறையில்லை. மூன்று வாரம் கழித்துக் கிடங்கிலிருந்து ஒரு கேனை எடுத்து ஊற்றியபோது எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டிய பீர், வெட்டி வைத்த ஆப்பிள்போலப் பழுப்பேறியிருந்தது. பழ மணம் போன இடம் தெரியவில்லை. நனைந்த அட்டைப்பெட்டியின் சுவை நாக்கின் பின்புறத்தில் நின்றது. அடுத்த கேன் அவ்வளவு மோசமில்லை. அதற்கு அடுத்தது முதலாவதைவிட மோசம். ஒரே தொகுதிக்குள் இத்தனை வேறுபாடு.

காரணம் மூடிக்கும் பீருக்கும் நடுவே இருந்த காற்று. இதைக் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். குளிர்ந்த காற்று ஒரு மில்லிலிட்டரில் ஏறக்குறைய 0.3 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 355 மில்லிலிட்டர் கேனுக்குள் அந்த ஒரு மில்லிலிட்டர் காற்று அகப்பட்டுக்கொண்டால், பீருக்கு நூறு கோடியில் 800 பங்கு ஆக்சிஜன் கூடுகிறது. மணமான பீர் நெடுநாள் நிற்க வேண்டும் என்று விரும்பும் ஆலைகள் மொத்தமாகவே 50 பங்குக்குள் நிறுத்தப் பாடுபடுகின்றன. ஒரு மில்லிலிட்டர் என்பது சொட்டு மருந்துக் குழாயில் இருபது சொட்டு. அவ்வளவு காற்று போதும், ஒரு மாத உழைப்பு பாழாவதற்கு.

பாட்டிலில் இந்தத் தொல்லை குறைவு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பெரிய பாட்டில் எந்திரங்கள் முதலில் பாட்டிலில் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுக் கரியமில வாயுவை நிரப்பும். பிறகு இன்னொரு முறை உறிஞ்சும். கேனில் அப்படி உறிஞ்சினால் சுவர் நொறுங்கி உள்ளே போய்விடும். ஆகவே வாயுவை ஊதிக் காற்றைத் தள்ளுவதோடு சரி. பாட்டிலின் கழுத்து குறுகியது. மூடும் முன் மயிரிழைபோல வெந்நீரைப் பீய்ச்சினால் நுரை எழுந்து கழுத்தில் உள்ள காற்றைத் தள்ளிக்கொண்டு வெளியே வழியும். கேனின் வாய் ஐந்து சென்டிமீட்டர் அகலம். நிரப்பிய பின் மூடி விழும் வரை அந்த வாய் திறந்தே நகர்கிறது.

அந்த வாயைக் காப்பது நுரை ஒன்றுதான். நுரைக்குள் இருப்பது கரியமில வாயு. நுரை விளிம்புக்கு மேலே குவிந்து நிற்க, அதன் தலைமேல் மூடி விழ வேண்டும். விழும்போது நுரை அமுங்கி ஓரமாக வழிய வேண்டும். அப்போதுதான் உள்ளே காற்று இல்லை என்று நம்பலாம். எங்கள் எந்திரத்தில் மூடி விழும் இடத்தில் சிறு விளக்கு ஒன்று பொருத்தியிருக்கிறோம். அங்கே நின்று பார்த்தால் நுரையின் குணம் தெரியும். பெரிய பெரிய குமிழிகளாக, சோப்பு நுரைபோல எழுந்தால் ஒரு மூச்சில் உடைந்து பள்ளமாகிவிடும். நடுவில் காற்று தங்கிவிடும். மணிமணியாக, அடர்த்தியாக, பாலேடுபோல எழுந்தால் மூடி அதன்மேல் உட்கார்ந்து மெல்ல இறங்கும். பீரின் குளிர், கரைந்துள்ள வாயுவின் அளவு, குழாயின் வேகம் ஆகிய மூன்றும் ஒத்துப்போனால்தான் இரண்டாவது வகை வரும். ஒரு டிகிரி சூடு ஏறினாலே நுரை அடங்காப்பிடாரியாகிவிடும்.

அந்தக் கோடையில் எங்களுக்கு நடந்தது இதுதான். மூடும் எந்திரம் அடிக்கடி சிக்கிக்கொண்டது. சிக்கிய நேரத்தில் நிரப்பிய கேன்கள் வரிசையில் காத்திருந்தன. நுரை அடங்கிப் பீர் தெரிந்தது. வீணாக்க மனமில்லாமல், எந்திரம் மறுபடி ஓடியதும் அவற்றையும் மூடி உள்ளே அனுப்பினோம். அனுப்பச் சொன்னது நான். அதோடு மூடியின் அடியில் கரியமில வாயுவை ஊதும் சிறு குழாயின் அழுத்தம் குறைந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. தொட்டியில் இருக்கும் பீரை அளந்த நான், மூடிய கேனைக் குலுக்கி உள்ளே மொத்தம் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று அளக்கவே இல்லை. அதற்கான கருவி அப்போது எங்களிடம் இல்லை. இரவல் வாங்கி அளந்தபோது சில கேன்களில் 700ஐத் தாண்டியது. மீதமிருந்த அத்தனையையும் திரும்ப எடுத்துக் கொட்டினோம். அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை. வடிகாலின் அருகே நின்று கடைசிக் கேன் வரை தானே திறந்து கவிழ்த்தார். திட்டியிருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது.

அன்றிலிருந்து எங்கள் ஆலையில் ஒரு விதி உண்டு. வரிசை நின்றால், நிரப்பி மூடாத கேன் அத்தனையும் வடிகாலுக்குப் போகும். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. புதிதாக வேலைக்கு வரும் பையனுக்கும் அந்த அதிகாரம் உண்டு.

மூடிவிட்ட பிறகோ கதை மாறுகிறது. வில்லியம் பெயின்டர் 1892இல் பால்டிமோரில் காப்புரிமை பெற்ற நெளிவு மூடிதான் இன்றும் பாட்டிலின் தலையில் இருக்கிறது. அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் அதன் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய அடைப்பு வட்டத்தின் வழியாக, உள்ளே அழுத்தம் இருந்தும், ஆக்சிஜன் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல ஊறி உள்ளே போகிறது. ஆக்சிஜனை விழுங்கும் வட்டங்கள் வந்திருக்கின்றன, அவை அதைத் தாமதப்படுத்துகின்றன. ஒழுங்காக விழுந்த சீம் வழியே ஏறக்குறைய எதுவும் போவதில்லை. ஆகவே, முதல் நொடியில் காற்றைத் தடுத்த கேனில் அந்த வெற்றி நிலைத்து நிற்கிறது. முதல் நொடியில் தோற்ற கேன் அந்தத் தோல்வியையும் அதே விசுவாசத்தோடு பூட்டி வைத்துக்கொள்கிறது. கேனா பாட்டிலா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, அந்த ஆலை மூடிய கேனுக்குள் ஆக்சிஜனை அளக்கிறதா என்பதைத்தான். அளக்காத ஆலையின் கேனைவிட அளக்கும் ஆலையின் பாட்டிலை நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன்.

பாட்டிலை விட்டுக்கொடுக்கக் கூடாத இடங்களும் இருக்கின்றன. பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதித்து ஆண்டுக்கணக்கில் முதிரும் பெல்ஜிய வகைகளுக்குத் தடித்த கண்ணாடியும் தக்கையும்தான் பொருத்தம். அவற்றில் எழும் அழுத்தம் சாதாரணக் கேனுக்கு மிகை. கேன் ஏறக்குறைய 6 பார் அழுத்தம் வரைதான் தாங்கும்படி செய்யப்படுகிறது. அதற்குமேல் போனால் உட்குழிந்த அடிப்பாகம் வெளியே பிதுங்கும், பிறகு வெடிக்கும். பழக்கூழைச் சர்க்கரை தீராமல் கேனில் அடைத்து, உயிருள்ள ஈஸ்ட்டையும் உள்ளே விட்டுவிட்டு, குளிர்பதனத்தை மட்டும் நம்பிய ஆலைகளின் கேன்கள் கடை அலமாரியில் வெடித்திருக்கின்றன. அது கலத்தின் குற்றமில்லை, அடைத்தவர் குற்றம்.

கேனிலிருந்தே குடிக்கலாமா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் வாட்டர்பரி என்ற ஊரில் தி ஆல்கெமிஸ்ட் என்ற ஆலை இருக்கிறது. 2011 ஆகஸ்ட் இறுதியில் ஐரீன் புயல் வெள்ளம் அவர்களுடைய மதுக்கூடத்தை அழித்தது. சில நாட்களிலேயே மேட்டில் கட்டியிருந்த புதிய ஆலையில் ஹெடி டாப்பர் என்ற பீரைக் கேனில் அடைக்கத் தொடங்கினார்கள். கேனின் மேலேயே, இதிலிருந்தே குடியுங்கள் என்று அச்சிட்டிருந்தார்கள். மணம் பறந்துவிடக் கூடாது என்பது அவர்கள் வாதம். அவர்களிடம் எனக்குப் பெருமதிப்பு இருந்தும் இதில் மட்டும் மாறுபடுகிறேன். மூக்குக்குக் குவளை வேண்டும். இத்தனை பாடுபட்டு இருட்டிலும் காற்றில்லாமலும் காத்த மணம், மூக்குக்கு எட்டாமல் சிறு துளை வழியாகத் தொண்டைக்குப் போய்விடுவது எனக்குத் தாங்கவில்லை.

எடையைப் பற்றிக் கேட்பவர்கள் ஒரு காலிக் கேனையும் காலி பாட்டிலையும் இரு கைகளிலும் தூக்கிப் பார்த்தால் போதும். கேன் 13 கிராம் அளவு, பாட்டில் 200 கிராம் அளவு. லாரியில் கண்ணாடியைச் சுமப்பதற்கும் பீரைச் சுமப்பதற்கும் உள்ள வேறுபாடு அது.

ஆனால் சுற்றுச்சூழல் என்று பேச்செடுத்தால் உடனே கேன்தான் சிறந்தது என்று நான் சொல்ல மாட்டேன். பாக்சைட் தாதுவிலிருந்து புது அலுமினியம் எடுக்க ஆகும் மின்சாரம் மலைக்க வைப்பது. செம்மண் சேறுபோல மிஞ்சும் கழிவு ஏரியாகத் தேங்குகிறது. பழைய அலுமினியத்தை உருக்கினால் அந்த ஆற்றலில் ஏறக்குறைய 95 விழுக்காடு மிச்சமாகிறது. ஆகவே எல்லாமே காலிக் கேன் திரும்பி வருகிறதா என்பதில் இருக்கிறது. முன்வைப்புத் தொகை வாங்கித் திருப்பித் தரும் முறை உள்ள ஜெர்மனியிலும் நார்வேயிலும் பத்தில் ஒன்பதுக்கு மேல் திரும்பி வருகிறது. அமெரிக்காவில் சமீப ஆண்டுகளில் பாதியைக்கூட எட்டவில்லை. அதே ஜெர்மனியில் கழுவி மீண்டும் மீண்டும் நிரப்பும் கண்ணாடி பாட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரே பாட்டில் பல பத்து முறை சுற்றி வருகிறது. ஆலைக்கு அருகிலேயே குடிக்கப்படும் பீருக்கு அதைவிட நல்ல கலம் இல்லை. டென்மார்க் அந்தப் பாட்டில்களைக் காப்பதற்காகவே 2002 வரை கேனைத் தடை செய்திருந்தது. அந்தத் தடையை மூடத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு முறை குடித்துவிட்டு வீசும் கண்ணாடிக்கு மட்டும் நான் எந்த நியாயமும் காணவில்லை.

சிறிய ஆலைக்குக் கேன் தரும் மிகப் பெரிய தலைவலி வெற்றுக் கேன் வாங்குவதுதான். அச்சடித்த கேனை ஒரு லாரி அளவாவது எடுத்தாக வேண்டும், அதாவது சுமார் இரண்டு லட்சம். ஒரே பீரை இரண்டு லட்சம் கேன் விற்க எங்களுக்கு நெடுங்காலம் ஆகும். அதனால் அச்சில்லாத வெள்ளிக் கேனை வாங்கி லேபிள் ஒட்டுகிறோம். சிலர் பிளாஸ்டிக் உறை சுருக்கிப் போடுகிறார்கள், அதை உரிக்காமல் மறுசுழற்சிக்கு அனுப்பினால் உருக்கும் இடத்தில் தொல்லை. 2020இல் பெருந்தொற்றால் மதுக்கூடங்கள் மூடப்பட்டபோது பீப்பாயில் போக வேண்டிய பீர் எல்லாம் கேனுக்கு ஓடிவந்து பெரும் தட்டுப்பாடு உண்டானது. மறு ஆண்டு பெரிய தயாரிப்பு நிறுவனம் ஒன்று, ஒப்பந்தம் இல்லாத வாடிக்கையாளர்கள் ஒரு வடிவத்துக்கு ஐந்து லாரி, அதாவது பத்து லட்சம் கேன் எடுத்தாக வேண்டும் என்று அறிவித்தது. சிறியவர்கள் பலர் இடைத்தரகர்களிடம் கையேந்த வேண்டியதாயிற்று. கேன் வந்ததால் சிறியவர்கள் பெற்ற சுதந்திரம் இன்னும் அரைகுறையானதுதான். லாரியில் எந்திரத்தை ஏற்றிக்கொண்டு ஆலை ஆலையாகப் போய் அடைத்துக் கொடுக்கும் குழுக்கள் இல்லாவிட்டால் பலர் கேனை நினைத்தே பார்த்திருக்க முடியாது.

எங்கள் ஆலையின் பின்னறையில் ஓர் அலமாரி இருக்கிறது. ஒவ்வொரு தொகுதியிலும் முதல் கேன், நடுக் கேன், கடைசிக் கேன் என்று எடுத்து அடிப்பாகத்தில் நாளெழுதி அடுக்கி வைக்கிறோம். குளிர்பதனம் இல்லாத அறை, வேண்டுமென்றேதான். முப்பதாம் நாள் ஒன்று, அறுபதாம் நாள் ஒன்று, தொண்ணூறாம் நாள் ஒன்று என்று திறந்து, அன்று குளிரில் வைத்திருந்ததோடு பக்கத்தில் பக்கம் ஊற்றிப் பார்ப்போம். நிறத்தை வெள்ளைத் தாளின் முன் வைத்துப் பார்ப்பது அண்ணனின் வேலை. டப்பாவில் எதைப் பார்ப்பது என்று கேட்டவர் இப்போது அந்தத் தாளைத் தன் சட்டைப் பையிலேயே மடித்து வைத்திருக்கிறார்.

போன வாரம் அந்தக் கலங்கலான பீரின் தொண்ணூறாம் நாள். நாங்கள் கொட்டிய அதே வகை. வளையத்தை நிமிர்த்தியதும் மெல்லிய சீறல் எழுந்தது. அண்ணன் குவளையைச் சாய்த்துப் பிடித்து மெதுவாக ஊற்றினார், பிறகு தாளை விரித்தார். வைக்கோல் நிறம். முகர்ந்தார். கொஞ்சம் குடித்துவிட்டு, குவளையை என்னிடம் நீட்டினார்.

"ஆரஞ்சுத் தோல் இருக்கிறது. மாம்பழம் கொஞ்சம் இறங்கிவிட்டது" என்றார். "அன்றைக்கு ஆக்சிஜன் எவ்வளவு வந்தது?"

ஏட்டைப் புரட்டினேன். "நடுக் கேன் 38. கடைசிக் கேன் 61, அண்ணா."

"கடைசி ஏன் ஏறுகிறது?"

தொட்டியில் பீர் தீரும் நேரத்தில் அழுத்தம் சற்றுக் குறைகிறது, நுரை தளர்கிறது என்று சொன்னேன். அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மூடும் எந்திரத்தின் பக்கம் நடந்தார். விளக்கைப் போட்டுவிட்டு அங்கேயே குனிந்து நின்றார். நான் மைக்ரோமீட்டரை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.